வேப்பிலைப் படம் போட்ட பாட்டில்

அனுப்புநர்:
கொய்யாத் தோட்டக்காரரின் மனைவி,
வாய்க்கால் கரை வீடு.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
தோட்டக்கலைத் துறை அலுவலகம்.

பொருள்: இலைச்சாறு என்று விற்ற பூச்சி மருந்தைச் சோதிக்கவும், இறந்த என் கணவர் மேல் விழுந்த பழியை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சொல்வதில் பிழை இல்லை.

2. எங்கள் கொய்யாவுக்கு வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டிய சாற்றைத்தான் அடிப்போம். சாறு இறங்கியிருக்கிறதா என்று என் கணவர் நுனி நாக்கில் தொட்டுப் பார்ப்பார். முகம் சுளித்தால் பதம் சரி. "உன் டீக்கு இது தேவலை" என்று என்னைச் சீண்டுவார்.

3. இந்த முறை எனக்குத் தோள்பட்டை வலி, இடிக்க முடியவில்லை. அதனால் உரக்கடையில் பாட்டில் வாங்கி வந்தார். மேலே வேப்பிலைப் படம். "முழுக்க இலைச்சாறுண்ணே, குழந்தைகூடத் தொடலாம்" என்று கடைக்காரர் சொன்னாராம்.

4. வழக்கம்போல மூடியைத் திறந்து நாக்கில் வைத்தார். "வாசனை வருது, கசப்பு பத்தலையே" என்று மறுபடியும் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு மருந்தடிக்கப் போனார். இலைச்சாற்றுக்கு யார் மூக்கைக் கட்டுவார்கள்? பாதித் தோட்டம் முடிவதற்குள் வேர்த்துக் கொட்டி, வாயில் நுரை தள்ளி மரத்தடியில் விழுந்தார். அவரைச் சுற்றித் தேனீக்கள் உதிர்ந்து கிடந்தன. எங்கள் சாற்றுக்கு அப்படி ஆனதே இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

5. வாயில் மருந்து இருந்ததால், மனம் வெறுத்து விஷம் குடித்தார் என்று காவல் நிலையத்தில் எழுதிவிட்டார்கள். "வீட்ல என்னம்மா சண்டை?" என்று என்னைத்தான் கேட்டார்கள். கடைக்காரரோ, "வேப்பிலைச் சாறு குடிச்சு எவனாவது சாவானா?" என்று சிரிக்கிறார். ஐயா, அது இலைச்சாறு என்றால் என் கணவர் எப்படிச் செத்தார்? விஷம் என்றால் அதில் வேப்பிலைப் படம் போட்டது யார்? "நம்மளை விட்டுப் போகணும்னு அப்பா நினைச்சாராம்மா?" என்று என் மகள் கேட்கிறாள். இல்லை என்று நான் சொன்னால் போதவில்லை.

6. அதே பாட்டில் இன்னும் அந்தக் கடையில் அடுக்கியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தாரும் வாங்கிப் போயிருக்கிறார். தயவுசெய்து விற்பனையை உடனே நிறுத்துங்கள். மீதி மருந்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று சோதித்து எழுதிக் கொடுங்கள். காவல் நிலையத்துக்கும் மகளுக்கும் நான் அதைக் காட்ட வேண்டும்.

மூடியை இறுகத் திருகி, துணி சுற்றியிருக்கிறேன். பிரிப்பவரைக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். திறந்ததும் வேப்ப வாசனைதான் வரும். அதை நம்ப வேண்டாம்.

இடம்: வாய்க்கால் கரை
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
கொய்யாத் தோட்டக்காரரின் மனைவி