நாலு வீட்டுக்கு ஒரு லைன்

மார்ச் 9, 1953, திங்கள்

போன் வந்துவிட்டது. நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே லைன்தான். வீடுகள் முளைக்கிற வேகத்துக்குக் கம்பி இழுத்து மாளவில்லையாம். இரண்டு நீள மணியும் ஒரு குட்டை மணியும் அடித்தால் எங்களுக்கு. வேறு மாதிரி அடித்தால் மற்ற வீட்டுக்கு; எடுக்கக் கூடாது, எடுத்தால் அவர்கள் பேசுவதெல்லாம் நம் காதில் விழும். எமில் இதை இரண்டு தடவை சொன்னான். கட்டிக்கொண்டவளை அவனுக்குத் தெரியும்.

மார்ச் 12

எடுத்தேன்.

மார்ச் 17

அவள் பெயர் லோரைன். க்ளீவ்லாண்டில் இருக்கிற அக்கா ஓப்பலோடு காலை வேலை முடிந்ததும் பேசுகிறாள். நான் ரிசீவரின் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு கேட்கிறேன். இன்று புருஷனைப் பற்றி: "இவரு புல்லு வெட்டறத நீ பாக்கணுமே அக்கா. புல்லுக்குத் தலை வாரி விடறாருன்னு நினைப்பே."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். நடுவில் ஒரு நாய் குரைத்தது. எந்த வீடாக இருக்கும்? மாலையில் தெருத் தெருவாக நடந்து பார்த்தேன். எல்லாம் ஒரே சன்னல், ஒரே கதவு, வாசலில் ஒரே குச்சி மரம். நாயைக் காணோம்.

எனக்கு ஏன் இந்த ஆவல்? காலையில் எமில் காரை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறான். பையன் ரூடி பள்ளிக்கூடத்துக்கு. அப்புறம் வீட்டில் சத்தம் போடுவது துணி துவைக்கும் மெஷின் மட்டும்தான். ஊர் பஸ் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

மார்ச் 24

லோரைன் இன்று சொன்னது: "ஸ்கூல் பஸ் ஓட்ட ஆளே கிடைக்கலியாம் அக்கா. ஆம்பளைங்க எல்லாம் ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க. பிள்ளைங்களோ கொட்டிக் கிடக்குதுங்க. செப்டம்பர்லேருந்து பொம்பளைங்களயும் எடுக்கப் போறாங்களாம்."

"யாருடி போவா?"

"நான் மாட்டேம்மா. ஸ்டியரிங்கப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்கும்."

நான் போவேன். சண்டைக் காலத்தில் விமானத் தொழிற்சாலையில், கூரைக்கடியில் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டினவள் நான். ஒரு முழு இறக்கையைத் தூக்கிப் போய்த் தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோல இறக்குவேன். சண்டை முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். எங்களுக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 25

எமிலிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தான்.

"பஸ்ஸா? நம்ம வீட்ல என்ன இல்லேங்கற? ஃபிரிட்ஜ் இருக்கு, மெஷின் இருக்கு, அடுத்த மாசம் டிவி வருது."

"நான் எங்க இருக்கேன்?"

"இது என்ன பேச்சு? எமிலுக்குச் சம்பாதிக்க வக்கில்ல, பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பறான்னு ஊரே பேசும்."

எந்த ஊரு என்று மனசுக்குள் கேட்டேன். இங்க குடி வந்து ஒரு வருஷம்கூட ஆகல. எல்லாரும் நேத்து வந்தவங்க. இவனுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு ஊரு?

மார்ச் 30

மானம் போயிற்று. அடுப்பில் தண்ணீர் வைத்ததை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கெட்டில் விசில் அடித்தது. துணி எம்மாத்திரம்? லோரைன் பேச்சை நிறுத்தினாள்.

"கொஞ்சம் இரு அக்கா. லைன்ல இருக்கறவங்களே, உங்க கெட்டில் கத்துது. அணைச்சிட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்."

ரிசீவரை வைத்துவிட்டேன்.  கோபமாகவா சொன்னாள்? சிரித்துக்கொண்டா?

ஏப்ரல் 4, சனி

எமிலே காரை எடுத்தான். வீடு கட்டப் போகிற வெற்று மனைக்கு ஓட்டிப் போய் இறங்கினான். "ஓட்டிக் காட்டு. அப்புறமாவது இந்தப் பேச்ச விடு."

இரண்டு தடவை எஞ்சின் அணைந்தது. எமில் வானத்தைப் பார்த்தான். மூன்றாவதில் கை பழகிவிட்டது. ஒரு சுற்றுப் போய், பின்பக்கமாகவே ஓட்டி வந்து இரண்டு மரக்கட்டைக் குவியலுக்கு நடுவில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடைவெளி.

எமில் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "உனக்கு யாரு கத்துக் குடுத்தது?"

"கீழ ஆளுங்க நிக்கறப்போ மேலேருந்து இறக்கைய இறக்கினா தானா வரும்."

வீடு வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.  ராத்திரி போர்த்திக்கொண்டு படுத்த பிறகு எமில் சொன்னான்: "கேட்டுத்தான் பாரேன்."

ஏப்ரல் 7

பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். குமாஸ்தா என் பெயரைக் கேட்டார். "வெர்னா ஹூடாக்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பாழாய்ப்போன கெட்டில் கத்தியது. லைனில் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது.

அடிப்பாவி. அவளும் கேட்கிறாள்.

ஜூலை 21

பஸ் ஓட்ட லைசென்ஸ் கிடைத்தது. எமில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எதிர் வீட்டுக்காரனிடம் காட்டப் போய்விட்டான்.

செப்டம்பர் 8, செவ்வாய்

முதல் நாள். பஸ் நிறையப் பிள்ளைகள். ரூடி எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, என்னைத் தெரியாதவன் மாதிரியே வந்தான்.

நாங்கள் இருக்கும் தெருவுக்குப் பின் தெருவில் ஒரு சிறுமி நாயோடு நின்றாள். நாயை வீட்டுக்கு விரட்டிவிட்டு ஏறினாள். ஏறியவள் உள்ளே போகாமல் என் பக்கத்திலேயே நின்றாள்.

"நீங்கதான் மிசஸ் ஹூடாக்கா? எங்கம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. கெட்டில அணைச்சிட்டு வந்தீங்களான்னு."

நாய் ஓடிய வீட்டுச் சன்னலைப் பார்த்தேன். சுருள் கிளிப் குத்திய தலையோடு ஒருத்தி காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"அணைச்சிட்டேன்னு சொல்லு. சனிக்கிழமை அவங்க வந்தா மறுபடி அடுப்புல வைக்கறேன்னும் சொல்லு" என்றேன். கதவை மூடி, கியரைப் போட்டேன்.