கோடு விழுந்த கல்வாழை

ஜூன் 3

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ‘நானே உருவாக்கிய ரகம்’ என்று மூன்று வருஷமாக நர்சரியில் மார்தட்டுகிறேனே, அந்தக் கோடு விழுந்த கல்வாழையை நான் உருவாக்கவே இல்லை. சிவப்புப் பூவில் ஒருநாள் தானாக மஞ்சள் கோடு விழுந்தது. கோடு அதிகமுள்ள செடியாகப் பார்த்துப் பொறுக்கி, கிழங்கை வெட்டி வெட்டி நட்டேன். இப்போது முந்நூறு தொட்டி.

“இந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு மூளையா!” என்கிறாள் உன் அண்ணி. கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் பாராட்டு. புது ரகமாகப் பதிய அத்தாட்சி கேட்கிறார்கள். இலை அனுப்பியிருக்கிறேன். உன் மைக்ராஸ்கோப்பில் பார்த்து நாலு நல்ல வார்த்தை எழுது.

உன் மண்வெட்டி அண்ணன்

ஜூன் 19

அன்புள்ள அண்ணா,

நாலு வார்த்தை: அது ரகமில்லை அண்ணா, நோய்.

இலையைப் பிசினில் இறுக்கி வைரக் கத்தியால் சீவினேன். ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகப் பிளந்தால் வருமே, அந்த மெல்லிசு. செல்லுக்குள் காகிதக் காற்றாடி போன்ற உருவங்கள், சுற்றிலும் நூல் நூலாக வைரஸ். பூவின் சிவப்பை ஆங்காங்கே அழித்தது அதுதான். மூன்று வருஷமாக நீங்கள் நோய் முற்றியதாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறீர்கள். மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி மற்ற செடிகளுக்கும் கொண்டுபோகும். எரித்துவிடுங்கள்.

படங்கள் உள்ளே. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தங்கை

ஜூலை 8

தங்கச்சி,

இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் குழி வெட்டினேன். பச்சைக் கிழங்கு லேசில் எரியுமா? ஒரு வாரம் புகைந்தது. அண்ணியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். “அதானே பார்த்தேன்!” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் கண்டதில்லை.

ஆனால் உன் படம்! பெரிதாக்கி, சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டேன். தக்காளியை நேராக நறுக்கத் தெரியாத வம்சத்தில் இப்படியொரு கை! வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி விரல் வைத்துக் காட்டுகிறேன்: “குண்டு குண்டா கிடக்கு பாருங்க சார், இவன்தான் என்னை மூணு வருஷம் ஏமாத்தின திருடன். புடிச்சது யாரு? என் தங்கச்சி!” இலையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று உன்னைக் கேலி செய்ததெல்லாம் வாபஸ். சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், பார்.

அண்ணன்

ஜூலை 20

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் தலைவர்கூட என்னை இப்படி மெச்சியதில்லை.

படம் அங்கேயே இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்கவென்று எங்கள் தோட்டத்துக் கல்வாழையின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். நீங்கள் மாட்டியிருப்பது அதுதான். நோயே இல்லாத இலை. அந்தக் குண்டுத் திருடன் வெறும் மாவுச்சத்து.

தங்கை