மருத்துவி கொற்றி நங்கைக்குப் பெயரை மீட்டளிக்க எழுதிய ஓலை

நன்மையே நிலைபெறுக. மலையும் கடலும் எல்லையாக, மூங்கிற்றுறையில் வீற்றிருந்து செங்கோல் செலுத்தும் கோ விறலாழிப் பெருமான் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் பொழிலன் நம்பி, கல்லகநாடு காக்கும் விழுப்பரையர்க்கு எழுதுவது. உமது கோட்டை உறுதியோடும், குளங்கள் நிறைநீரோடும், குடிகள் நோயின்றியும் விளங்குக. இங்கு பெருமானும் அரண்மனையும் நலம். எழுதுகின்ற நாம் மட்டும் அத்தனை நலமில்லை. காரணம் கீழே வரும்.

உமது சிறையிலுள்ள மருத்துவி கொற்றி நங்கையை விடுவிக்குமாறு சென்ற திங்கள் அரச முத்திரையிட்டு ஓலை விடுத்தோம். முத்திரையை இக்காலத்தில் எவரும் செய்துகொள்கிறார்கள் என்றும், வேறு சான்று வரும்வரை அம்மையார் சிறையிலேயே இருப்பார் என்றும் எழுதி, நீர் அதைத் திருப்பியனுப்பினீர். ஒருநாள் முழுதும் உம்மேல் கடுஞ்சினத்தில் இருந்தோம். மறுநாள் ஆற அமர எண்ணியபோது நீர் செய்ததே சரி என்று பட்டது. ஆயினும் வரும் முழுநிலா நாளில் அவர் மருந்துப்பெட்டியை எரித்து, அவரை நாட்டெல்லைக்கு அப்பால் விடுவதென உமது நாட்டவை தீர்ப்பளித்திருக்கிறது. இடையில் பதினொரு நாளே உள்ளது. ஆகவே நடந்ததை முறையாகச் சொல்கிறோம்.

கொற்றி நங்கை இருபது ஆண்டாக ஆதுலர்சாலையில் மருந்து பெறும் உரிமையுடையவர். அவர் முத்திரையைக் காட்டினால் நஞ்சாகக்கூடிய நாபிக் கிழங்கும் தடையின்றி வழங்கப்படும். எயினி என்னும் ஒருத்தி அவர் முத்திரையைப் போன்றே ஒன்று செய்து, ஏழு திங்களாக அவர் பெயரைச் சொல்லி மருந்து வாங்கி, உமது நாட்டில் ஒன்பது ஊர்களில் மருத்துவம் பார்த்திருக்கிறாள். குறும்பொறையில் குயவர் இருவர், அண்ணன் தம்பியர், மூட்டுவலிக்கு அவள் கொடுத்ததை உண்டு அன்றே மாண்டனர். அவள் ஓடிவிட்டாள். அதன்பின் மூன்றாம் திங்களில் அவ்வழியே வந்த உண்மையான கொற்றி நங்கை, ஊரார் கேட்கத் தம் பெயரைச் சொன்னார். சொன்ன இடத்திலேயே அவரைக் கட்டிவிட்டனர். எயினி முக்காட்டை விலக்காமலே மருந்து கொடுத்தவள்; நங்கையின் முகத்தையும் அங்கு ஒருவரும் முன்பு கண்டதில்லை, பெயரைத்தான் அறிவர்.

எயினி இப்போது துறைமுகத்தில் பிடிபட்டு எம் காவலில் இருக்கிறாள். எங்கே திருடினாய் என்று வினவியதற்கு, தான் எதையும் திருடவில்லை என்றும், வடக்குச் சுங்கவாயிலில் எல்லாம் வரிசையாகத் தொங்கியது என்றும், ஈரக் களிமண்ணை முந்தானையில் மறைத்துச் சென்று வேடிக்கை பார்ப்பவள் போல் நின்று அழுத்திக்கொண்டு வந்ததாகவும் கூசாமல் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. முத்திரையுடையோர் அனைவரின் பதிவையும் சுட்ட மண்ணில் எடுத்துச் சுவரில் தொங்கவிட்டால், எந்த எழுத்தரும் ஒப்பிட்டுப் பார்த்து மெய் பொய் அறியலாம் என்று பதினான்கு ஆண்டுக்கு முன் ஏற்பாடு செய்தவர் நாமே. அதற்காகப் பட்டும் பல்லக்கும் பெற்றோம். அரச முத்திரையின் பதிவும் அதே சுவரில்தான் தொங்கியது. நினைக்கவே நாணமாயிருக்கிறது. இன்று காலை எல்லாச் சுவரும் வெறுமையாக்கப்பட்டன.

எனில் இவ்வோலையை நீர் எவ்வாறு நம்புவது? இதைக் கொணரும் குதிரைத்தலைவர் அருவந்தையார், நாமும் நீரும் இளமையில் வெள்ளத்தில் அகப்பட்டுக் கோயில் மதில்மேல் இருந்த மூன்றாம் நாளில் நீர் செய்த செயல் ஒன்றை உம் காதில் சொல்வார். அதை இங்கு எழுதமாட்டோம். கேட்டவுடன் உமக்குச் சிரிப்பு வந்தால் ஓலை மெய். விழித்தீராயின் அவரைப் பிடித்துக் கட்டுக. அவர் அருவந்தையார் அல்லர்.

மெய்யெனக் கண்டபின், அன்றே நங்கையைச் சிறைநீக்குக. அவருடைய பழைய முத்திரையை நாட்டவையார் ஐவர் காண அவர் கையாலேயே உடைப்பித்து, உடைத்த நாளை எழுதி எல்லா ஆதுலர்சாலைக்கும் சுங்கவாயிலுக்கும் அனுப்புக. அதன்பின் அம்முத்திரையோடு வருபவர் யாராயினும் தடுத்து நிறுத்துக. ஏழு திங்களில் அவர் பெயரில் வழங்கிய ஒவ்வொரு மருந்தையும் அவருக்குப் படித்துக்காட்டி, தாம் வாங்காதது என்று அவர் சொல்பவற்றை எயினியின் பெயருக்கு மாற்றி எழுதுக. சலிப்பூட்டும் வேலைதான். எழுத்தர் முணுமுணுப்பர், முணுமுணுத்துக்கொண்டே செய்யட்டும். முத்திரையுடைய ஏனையோர்க்கும் அறிவிக்க: திங்கள்தோறும் தம் பெயரில் என்னென்ன வழங்கப்பட்டது என்று கேட்டறிவது அவர்கள் உரிமை, முத்திரையை உடன்பிறந்தார்க்கும் இரவல் தரவேண்டா, தொலைந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே வந்து சொல்க. நங்கை முன்பே கேட்டிருந்தால் அறிந்திருப்பார் என்று உமது எழுத்தர் எழுதியிருந்தார். கேட்டிருந்தாலும் நாம் காட்டியிருக்கமாட்டோம். அக்காலத்து வழக்கம் அது.

இனி ஒன்று. எம் முதல் ஓலையை நீர் படித்துக் காட்டியபோது அம்மையார், “கதவைத் தொறந்து விட்டா மட்டும் ஆச்சா? ஒம்போது ஊர்லயும் எம்பேரச் சொன்னா புள்ளைய உள்ள தூக்கிட்டுப் போறாக. அந்தப் பேர மொதல்ல மீட்டுக் குடுங்க, பொறவு வாரேன்” என்று சொன்னதாக எழுதியிருந்தீர். படித்ததிலிருந்து எமக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கேட்பது நியாயம். ஆகவே அவ்வொன்பது ஊரிலும் முரசறைக. கொற்றி நங்கை குற்றமற்றவர், குயவர் இருவரும் மாண்டது அவர் மருந்தால் அன்று என்று அறைவதோடு நிறுத்தவேண்டா. அவர் பெயரை எவரும் எடுத்துச் செல்லும்படி சுவரில் தொங்கவிட்டவன் ஓலைநாயகம் பொழிலன் நம்பி என்றும் சேர்த்தே அறைக. பெருமான் முதலில் தடுத்தார், பின்பு இசைந்தருளினார்.

வழக்கம் கருதி இதிலும் முத்திரை இட்டிருக்கிறோம். ஆட்சியாண்டு பத்தொன்பது, ஆனித் திங்கள் வளர்பிறை நான்காம் நாள், மூங்கிற்றுறை மந்திர மண்டபத்தில் இருந்து பொழிலன் நம்பி தன் கையால் எழுதியது. குறும்பொறையில் முரசறையும் நாளைச் சொல்லியனுப்புக. மாண்டவர் வீட்டார் பெயரை மட்டும் கேட்டு ஏமாந்தது போதும். முரசின் பக்கத்தில் வந்து நிற்கிறேன், என் முகத்தையும் பார்த்துக்கொள்ளட்டும்.