ஸ்காப்புக்குள் இருந்த கட்டி

2025 ஜனவரி 14, செவ்வாய்
நாடித்துடிப்பு 82. பேனை நேராக ஓடுகிறது. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று குளிசை தொடங்கிப் பத்து மாதம். போன வருஷம் கை நடுக்கத்தில் கடைக்குச் சாமான் துண்டு எழுதினால் என் எழுத்து எனக்கே விளங்காது.

இன்று குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று தண்ணீர் குடித்தேன். கழுத்தின் வலப்பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. விழுங்கும்போது ஏறி இறங்கிற்று. நோவில்லை. எப்போதிருந்து இருக்கிறது?

ஜனவரி 15
என் வீட்டுக்காரர் பக்கீர் முகைதீனிடம் சொன்னேன். கல்முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருமகன் சப்ரியை உடனே போனில் பிடித்தார்.

"மாமி, தைரொயிட் கூட வேல செய்யிற ஆக்களுக்கு கேன்சர் வாறல்ல. பயப்புடாதீங்க."

அவருக்கு அது போதும். "கேட்டியா புள்ள? வெள்ளாமை வெட்டு முடியட்டும். பிறகு நோன்பு. பெருநாள் கழியப் பாப்பம்."

பெருநாளுக்கு இரண்டரை மாதம் கிடக்கிறது. நான் காத்திருக்கப் போவதில்லை.

ஜனவரி 20
கிளினிக்.

பத்து மாதத்தில் ஆறு தடவை இந்த டொக்டரைக் கண்டிருக்கிறேன். முதல் நாள் தயங்கித் தயங்கி, "டீச்சர், கழுத்தக் கொஞ்சம்..." என்றார். தலையையும் கழுத்தையும் மூடிய ஸ்காப்பின் ஊசியை நான் தொடக்கூட இல்லை. முகத்தை உயர்த்தி, "இப்படியே பாருங்க சேர்" என்றேன். துணிக்கு மேலால் இரண்டு விரல் வைத்தார். பிறகு கேட்கவேயில்லை. அவர் மரியாதை தந்தார், நான் வாங்கிக்கொண்டேன். பிழையில் பாதி என்னுடையது. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம், கணக்குக்கு விடையை மட்டும் எழுதாதே, செய்கையைக் காட்டு என்றவள் நான். டொக்டரிடம் இரத்த ரிப்போட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று உட்காரும் முன்பே சொன்னேன்: "மிஸ்ஸியக் கூப்புடுங்க சேர். ஸ்காப்பக் கழட்டப் போறன்."

காரைதீவு நேர்ஸ் கேதீஸ்வரி மிஸ்ஸி திரையை இழுத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். டொக்டர் கட்டியைப் பிடித்துப் பார்த்தார், விழுங்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். சப்ரி சொன்னது சரியா என்று கேட்டேன்.

"அதில பாதிதான் சரி டீச்சர். கட்டியே கூட வேல செய்யுதெண்டா கேன்சர் அரிது. சுரப்பி முழுக்க வேல செய்யக்குள்ள கட்டி மட்டும் சும்மா இருந்தா, அதக் கட்டாயம் சோதிக்கணும். தைரொயிட் கூடினதால கேன்சர் வராதெண்டு இல்ல."

விளங்கிற்று. வகுப்பு முழுக்க இரைச்சல். பின் வாங்கில் ஒரு பிள்ளை மட்டும் அசையாமல் இருக்கிறது. நான் சத்தக்காரர்களை விட்டுவிட்டு அதன் நெற்றியைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

வீட்டில் அவர், "ஆம்புளைக்கு முன்னால கழட்டினியா?" என்றார்.

"மருந்துக்குத்தானே. நீங்க பல்லுப் புடுங்கக்குள்ள வாயத் திறக்கல்லியா?"

சிரிப்பை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பெப்ரவரி 6
கண்டியில் ஸ்கேன். எங்கள் முறைக்கு வந்த வெட்டு மெஷினைப் பக்கத்து வயல்கார இன்ஷாபுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவரும் வந்தார். படத்தில் சுரப்பி கறுப்பாய்; கட்டி இருக்கும் இடம் வெறுமை. வேலை செய்யாத கட்டிதான்.

பெப்ரவரி 11
கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். எறும்புக் கடிதான்.

பெப்ரவரி 24
கேன்சர்.

எழுத்துத் திரும்பவும் நடுங்குது. இது தைரொயிட்டால இல்ல. நான் யாருக்கு என்ன செஞ்சன் — சே. இந்தக் கேள்விக்கு யார் விடை வெச்சிருக்காங்க? எப்ப வெட்டுவாங்க, அதக் கேக்கணும்.

மார்ச் 3
தைரொயிட் முற்றாகக் கட்டுப்படாமல் வெட்ட முடியாதாம். டொக்டர் குளிசையைக் கூட்டி, நாளுக்கு மூன்று தடவையாக்கினார். "மூண்டையும் விடிய முன்ன சஹர் சோத்தோட விழுங்கிட்டு நோன்பப் புடியன்" என்றார் வீட்டுக்காரர். இல்லை. விடுபடும் நோன்புகளைச் சுகமான பிறகு பிடித்துக் கழாச் செய்வேன்.

ஏப்ரல் 9
நாளை ஒப்பரேஷன். சுரப்பி முழுவதையும் எடுப்பார்கள். குரல் மாறலாம் என்றார்கள். மாறட்டும்.

ஏப்ரல் 12
குரல் தவளைதான். கை நன்றாக எழுதுகிறது.

ஏப்ரல் 28
ரிப்போட் வந்தது. கட்டி பதினான்கு மில்லிமீற்றர். சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

சப்ரி வந்து தலை குனிந்து நின்றான். "கடையில இன்னும் ரெண்டு பேருக்கு அப்படித்தான் சொன்னன் மாமி."

"அவங்கட நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"இஞ்ச இருந்தே கோல் எடு."

எடுத்தான்.

ஓகஸ்ட் 17
சுரப்பி இல்லாததால் இனி ஆயுளுக்கும் விடிந்ததும் ஒரு குளிசை. விழுங்கி அரை மணி நேரம் தேத்தண்ணி கூடாது. வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் கேத்தலை அடுப்பில் ஏற்றாமல், மணிக்கூட்டுக்கு நேரே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க குடிங்களன்" என்றேன்.

"இன்னும் பதினொரு நிமிஷம் கிடக்கு" என்றார்.