அவரைக்காயும் மூன்று கேமராவும்

ஜனவரி 6, செவ்வாய்

பெங்களூர் குளிர். அல்சூர் ஏரிப் பக்கம் காலை எட்டு மணிக்கும் பனி. பஸ்ஸில் ஜன்னலை மூடச் சொல்லிச் சண்டை.

செய்ய வேண்டியவை:
– தமிழ்ச் சங்கத்துச் சின்ன ஹால் சாவி
– சோஃபா (பக்கத்து வீட்டு ரோஸி ஆன்ட்டியிடம் கேட்க வேண்டும். பயம்.)
– போன் ஸ்டாண்ட் மூன்று
– எ.சி. மெயிலுக்குப் பதில்

கடைசியைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். எ.சி. என்றால் எலெக்ட்ரானிக் சிட்டி. கேம்பஸில் கிடைத்த கஸ்டமர் சப்போர்ட் வேலை. சேருகிறேனா இல்லையா என்று 19ஆம் தேதி திங்களுக்குள் சொல்ல வேண்டும்.

அம்மா: "கேப்ல கூட்டினு போய் கேப்ல கொண்டாந்து வுடறான். இதுல இன்னாடி யோசன?"

அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. வருடக்கணக்காக நின்றபடியே வேலை. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றாலே அவளுக்குச் சொர்க்கம். அதனால் அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆனால் எனக்குக் காமெடி எழுதத்தான் ஆசை. டிவிக்கு. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எழுதிக் காட்டினால் சிரிக்க மாட்டார்கள்.

ஜனவரி 8, வியாழன்

கடைசி வருட ப்ராஜெக்ட். மற்றவர்கள் எல்லாம் குறும்படம். நான் மட்டும் பழைய கால சிட்காம் முறையில் ஒரு எபிசோட்: இருபத்திரண்டு நிமிடம், ஒரே வரவேற்பறை, மூன்று கேமரா (போன்தான்) ஒன்றாக ஓட வேண்டும், எதிரே நிஜ ஜனங்கள். எங்கேயோ பதிவு செய்ததை வெட்டி ஒட்டிய டப்பாச் சிரிப்பு சேர்க்க மாட்டேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும்.

கறுப்பு வெள்ளைத் தொடர்கள் மேல் இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. பி.யூ.சி. (பிளஸ் டூ) படிக்கும்போது காய்ச்சலில் படுத்திருந்தேன், போனில் ஒன்று பார்த்தேன், அவ்வளவுதான். கவனித்தவை: சாப்பாட்டு மேசையில் நம் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. சோஃபா நம்மைப் பார்த்துத்தான் இருக்கும். சிரிப்பு அடங்கும்வரை நடிப்பவர் அடுத்த வசனத்தை வாயிலேயே வைத்துக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரோ எதிரே இருக்கிறார்கள் என்ற மரியாதை அது.

என் கதை: பையன் தினமும் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். கம்பெனிக்கு இல்லை, தெருக்கோடி மெஸ்ஸில் தோசை சுட. அவன் அம்மா கண்டுபிடித்துவிடுகிறாள்.

கேமரா பார்க்கும் நஸ்ரீன் (இனி ந.) படித்துவிட்டு: "இது ஒன் கதையே இல்ல, அப்டித்தானே? யாருக்குடி காது குத்துற?"

கைடு மேடம் சொன்னது: ஜனங்கள் நிஜமாகச் சிரித்தால், தொடர் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் பயிற்சி எழுத்தாளராகச் சேர என் பெயரைச் சொல்வாராம். சம்பளம் பெரிதாக இருக்காது. அம்மாவிடம் சொன்னேன்.

"மொதல்ல நாலு பேரு சிரிக்கட்டும். பாக்கலாம்."

ஜனவரி 10, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

அழைப்பிதழ் அச்சடித்தேன். "தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்" என்று கீழே என் பெயர். தெருப் பெண்கள் முப்பது பேர் வந்தார்கள், பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு. நாற்காலியில் வரிசையாக, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வரவேற்புரைக்குக் காத்திருந்தார்கள். நாடகம் தொடங்கியது. இருபத்திரண்டு நிமிடமும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. செல்விக்காவுக்கு ஒரு இடத்தில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினார். 'சிரிக்கவும்' என்ற அட்டையை ந. தூக்கிக் காட்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

முடிந்ததும் சங்கச் செயலாளர் மேடையேறி, ந.வைச் சிறப்பு விருந்தினர் என்று நினைத்து அவளுக்குச் சால்வை போர்த்தினார்.

அம்மா டூட்டி. வரவில்லை. நல்லவேளை.

வீட்டில்: "சிரிச்சாங்களா?"

"இல்ல."

ரசத்தைச் சூடு பண்ணிக் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

ஜனவரி 11, ஞாயிறு

அம்மாவுக்கு லீவு. நேற்றே ஊறப்போட்ட அவரைக்கொட்டை. செல்விக்காவும் ரோஸி ஆன்ட்டியும் நம் வீட்டில்தான், ஆளுக்கொரு குண்டானோடு. தோலைப் பிதுக்கிப் பருப்பை எடுப்பதற்கே மத்தியானம் ஆகிவிடும். டிவியில் ஏதோ தொடர். மருமகளுக்குக் காப்பி கொண்டு வருகிறாள் மாமியார்.

செல்விக்கா டிவியைப் பார்த்து: "ஏய், குடிக்காதடி. அவ என்னத்தயோ கலந்துட்டா."

ரோஸி ஆன்ட்டி: "குடிக்கட்டும் வுடு. இதுக்காச்சும் புத்தி வரட்டும்."

அம்மா சிரித்த சிரிப்பில் பருப்பு ஒன்று வழுக்கிப் பறந்து டிவி மேல் பட்டது.

நான் கதவருகே பல் தேய்த்தபடி நின்றிருந்தேன். இதே செல்விக்கா, இதே ரோஸி ஆன்ட்டி. நேற்று சிலை மாதிரி இருந்தவர்கள்.

தப்பு என்னுடையது. நான் அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்தேன், அவர்களும் கூட்டத்துக்கு வந்தார்கள். கை சும்மா இருந்தால் வாய் மரியாதையாக இருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொந்து சான்ஸ். அஷ்டே." கன்னடத்தில் சொன்னது: இன்னும் ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான். சனிக்கிழமை ஹால் காலி.

இந்த முறை அழைப்பிதழ் இல்லை. தெரு வாட்ஸப் குரூப்பில்: "சனிக்கிழமை அவரை ஊறப்போட்டு ஹாலுக்கு எடுத்துட்டு வாங்க. பிதுக்கிட்டே ஒரு நாடகம் பாக்கலாம். நைட்டியோட வரலாம்."

ரோஸி ஆன்ட்டி உடனே கட்டைவிரல்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பு கடித்து உதட்டில் கீறல். இன்று ஸ்கிரிப்டைத் தொடவில்லை. பொய். மூன்று தடவை தொட்டேன்.

ஜனவரி 17, சனி

நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். மைக் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தோம். 'சிரிக்கவும்' அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

முதல் இரண்டு நிமிடம் குண்டானில் பருப்பு விழும் சத்தம் மட்டும். நான் செட்டுக் கதவுக்குப் பின்னால், காலிங் பெல் அடிக்கும் வேலையில். கண்ணுக்கு எதுவும் தெரியாது, காது மட்டும்தான்.

பையன் ஐடி கார்டோடு தோசை மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தான். செல்விக்கா: "டேய், கார்டு மாவுல தொங்குது பாரு."

சிரித்தார்கள். முப்பது பேரும். அம்மா வேடம் போட்ட தீபா, அடுத்த வசனத்தைச் சொல்லாமல் காத்திருந்தாள். அப்படியே, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. கதவுக்குப் பின்னால் எனக்குக் கண்ணில் தண்ணீர். பெல் அடிக்க மறந்தேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

கடைசிக் காட்சியில் தீபா சோஃபாவில் உட்கார்ந்து பொதுவாகக் கேட்பாள்: "இப்ப நான் என்ன பண்ணட்டும்?" பிறகு மூன்று நொடி மௌனம் என்று எழுதியிருந்தேன். மௌனம் எங்கே? பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்ல, ஹாலே இரண்டாகிவிட்டது. என்ன சொன்னார்கள் என்று சிரிப்பில் எனக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது போன் மேல் பருப்புத் தோல் ஒட்டியிருந்தது. ந. அதைத் துடைக்க மறுத்துவிட்டாள். ராசியாம்.

ஜனவரி 18, ஞாயிறு

ந. வீட்டில் எடிட்டிங். அவள் அம்மா சுலைமானி டீ போட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசிக் காட்சியின் ஒலியை மட்டும் தனியாகக் கேட்டேன். தீபா: "இப்ப நான் என்ன பண்ணட்டும்?" உடனே பின்னாலிருந்து:

"வுட்டுடுடி அவன. தோச சுடும்போதுதான் மூஞ்சி நல்லாருக்குது."

திரும்பத் திரும்பப் போட்டேன். ந. ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டாள். என்னைப் பார்த்தாள்.

"ஒங்கம்மா கொரல் இல்ல?"

டூட்டி முடிந்து நேராக வந்து கடைசியில் நின்றிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் எபிசோடிலேயே பெரிய சிரிப்பு அதுதான். அதை நான் எழுதவும் இல்லை.

ஜனவரி 19, திங்கள்

வெயில் வந்துவிட்டது. காலையில் அம்மா டூட்டிக்குப் புடவை கட்டிக்கொண்டே: "கடைசி நாளாச்சே. மெயில் போட்டியா?"

"இல்ல. மொதல்ல இதக் கேளு."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். முழுதும் கேட்டாள். முகம் சிவந்தது.

"யாரு இது? நானா?"

"ஆமா."

"அது அந்தப் பையனுக்குச் சொன்னது."

"தெரியும்மா."

தலையை வாரினாள். பின் குத்தினாள். பையில் டிபன் பாக்ஸ் வைத்தாள். பஸ் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வருசம். அதுக்கப்பறம் பாக்கலாம்."

எ.சி.க்கு இரண்டு வரியில் எழுதினேன், வேலைக்கு வரவில்லை என்று. போனை நீட்டினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, ஆனாலும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தேங்க்ஸ்னு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப அனுப்பு."