அண்ணி எழுதிய ஸ்டேஷன் வரலாறு

ஜனவரி 12

என் அன்புக் குட்டிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ "சொல்லுங்க அண்ணி, சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால் பாதியை முழுங்கிவிடுவேன்.

நம் ஸ்டேஷனுக்கு நூறு வயதாகிறதாம். நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். பழைய ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி என்று என்னையும் எழுதச் சொன்னார்கள். ஆதியில் ஒரு மண்மேடும் தகரக் கூரையும்தான் இருந்தனவாம். செங்கல் சூளைக்குக் கரி இறக்க வண்டி நின்றிருக்கிறது. நான் கல்யாணமாகி வந்தபோது காலையில் இரண்டு வண்டி, மாலையில் இரண்டு. குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு நேரே என்ஜின் வந்து மூச்சு விடும். கொடியில் காயும் உன் அண்ணனின் வெள்ளைச் சட்டை மறுபடி வாளிக்குப் போகும்.

பிறகு மின்சார ரயில் வந்தது. மேம்பாலம், பெண்களுக்குத் தனிப் பெட்டி எல்லாம் வந்தன. அந்தப் பெட்டியில்தானே நீ காலேஜ் போனாய்! தலையைப் பின்னியும் பின்னாமலும் ஓடுவாய். கார்டு பச்சைக் கொடியைக் காட்டாமல் நிற்பார். உன் அண்ணன் கத்துவார்: "யோவ், வண்டிய எடுய்யா!" அவர் சொல்வார்: "இருங்க சார், உங்க தங்கச்சிக்கு இன்னொரு ஜடை பாக்கி இருக்கு!"

இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. லிஃப்ட் போட்டுவிட்டார்கள். டிக்கெட்டைப் போனிலேயே எடுக்கிறார்கள்.

அந்தக் கார்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். ரிட்டயராகி இங்கேயே இருக்கிறார். உன் அண்ணன் போனதுபோல் அவர் மனைவியும் போய்ச் சில வருஷமாகிறது. சாயங்காலம் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். போன வாரம், "ரெண்டு பேருக்கு ரெண்டு வீட்ல அடுப்பு எதுக்கு?" என்று கேட்டார். உன்னிடம் சொல்லாமல் பதில் சொல்ல மனசு வரவில்லை.

உன் அண்ணி


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சிரிக்கச் சிரிக்கப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

அப்பா அம்மா போன பிறகு அண்ணன் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உங்களிடம் விட்டார். அன்றிலிருந்து நீங்கள்தான் எனக்கு அம்மா. அந்த உரிமையில் கேட்கிறேன். அண்ணன் நின்ற பிளாட்பாரத்திலேயேவா, அண்ணி? நாலு பேர் என்ன பேசுவார்கள்? தனியாக இருக்க முடியவில்லையென்றால் இங்கே வாருங்கள். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது.

கோபமில்லை. ஆனால் இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

குட்டி


பிப்ரவரி 27

குட்டிக் கண்ணுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

போன தடவை உன் வீட்டில் நீங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு ஃப்ரிட்ஜோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் பதிலுக்கு உறுமியது.

உன் அண்ணன் போனதிலிருந்து அவர் பேச்சை எடுத்தாலே எல்லோரும் வேறு பேச்சுக்குத் தாவுகிறார்கள். நீயும்தான். "அண்ணன் இருந்தா..." என்று ஆரம்பித்தால், "மாத்திரை போட்டீங்களா?" என்பாய். கார்டு அப்படித் தாவவில்லை.

பெருமழையில் வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுபோனதே, ஞாபகமிருக்கிறதா? பெட்டியில் ஒரு பெண்ணுக்கு வலி வந்துவிட்டது. உன் அண்ணனும் இவருமாக நாற்காலியில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் தூக்கி வந்தார்கள். வெயிட்டிங் ரூமிலேயே பிரசவம். குழந்தை அழுததும் உன் அண்ணன், "டிக்கெட் இல்லாம வந்து இறங்கிட்டியா நீ!" என்று சிரித்தாராம். இது ஊருக்கே தெரியும். பிறகு பார்சல் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று தேம்பி அழுதாராம். அது கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்களுக்கு ஒன்று பிறக்கவில்லையே என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை அந்த மனுஷர். அவர் அழுதது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அவரைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் வேண்டும், குட்டி.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏப்ரலில் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து. நீ வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் நீ என் பெண்தான்.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் அறைக் கதவை நினைத்து நினைத்து அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் "அண்ணன்" என்றதும் எங்கே அழுதுவிடுவேனோ என்று பயம். அதனால்தான் மாத்திரை, மருந்து என்று ஓடினேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. என் பெண்ணும் வருகிறாள். கார் எதுவும் அனுப்ப வேண்டாம், ரயிலிலேயே வந்து இறங்குகிறோம்.

"அத்தையோட வீட்டுக்காரர்னா எனக்கு மாமாதானேம்மா?" என்று இவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் சங்கடம். அண்ணியின் கணவர் என்றால் அண்ணன் முறை. இத்தனை வருஷமாக ஒருத்தரை மட்டும் கூப்பிட்ட வார்த்தை அது. வண்டியை விட்டு இறங்கியதும் அப்படிக் கூப்பிட வாய் வராமல் நின்றால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

தினமும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். இன்றைக்குப் பாதி வந்தது.

உங்கள்
குட்டி