ஹரிதா மேடத்துக்குப் பதில் போடாதே

மைசூரு

கண்ணு பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை சௌம்யா மூவரும் சௌக்கியம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் பாதியில் அப்பா பிடுங்கிக்கொள்வார், அதனால்தான் எழுதுகிறேன். விசிறியே இல்லாமல் குளுகுளுவென்று இருக்கும்படி தான் வரைந்த ஒரு பஸ் நிறுத்தத்தைப் பற்றி சௌம்யா கல்லூரியில் பேசினாள். எந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாளாம். கரையான் புற்றுக்குள் காற்று ஏறி இறங்குவதை ஒரு கட்டுரையில் படித்தது, மேல்கோட்டைக் குளத்து மண்டபத்தில் உச்சி வெயிலிலும் காற்று வந்தது, இரண்டையும் சேர்த்து யோசித்த பிறகுதான் கூரையை இரண்டடுக்காக்கி நடுவில் காற்றுக்கு வழிவிடத் தனக்குத் தோன்றியது என்று. உனக்கும் பாடம் எடுத்த ஹரிதா மேடம், எல்லாம் அடுத்தவர் சரக்கு, உன்னுடையது எது, திருட்டை நீயே ஒப்புக்கொள்கிறாயே என்று எல்லார் முன்னாலும் சிரித்து மார்க்கையும் குறைத்துவிட்டாள். பிள்ளை சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாள். இந்த மேடத்தை ஒரு நாள் நாலு பேர் முன்னால் நிற்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அதற்கு வேளை வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிய ஒரு கருத்தரங்கில் அதே பஸ் நிறுத்தத்தைத் தன் சொந்த யோசனை என்று மேடம் பேசப்போவதாக சௌம்யாவின் தோழி சொன்னாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சௌம்யாவோடு நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கரையான் வந்தது, மண்டபம் வந்தது, சௌம்யா பெயர் மட்டும் வரவில்லை. மண்டபத்தில் சௌம்யா எடுத்த படத்தைக்கூட மேடம் அப்படியே திரையில் போட்டிருந்தாள். கேள்வி நேரத்தில் உன் தங்கை எழுந்து, மேடம், அந்த மண்டபத் தூணோரம் நிற்பது எங்கள் அம்மா, அவர் உங்களோடு எப்போது மேல்கோட்டைக்கு வந்தார் என்று கன்னடத்தில் நிதானமாகக் கேட்டாள். நான் எழுந்து சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். மேடம் அவசரமாக அந்தப் படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாள்.

அங்கிருந்து நேராகப் போய்க் கல்லூரியில் புகார் கொடுத்தோம், இப்போது விசாரணை நடக்கிறது. நேற்று மேடம் பழத்தட்டோடு வீட்டுக்கே வந்து, அக்கா, வாபஸ் வாங்கிக்குங்க என்று அழுதாள். போனாப் போகுது ஜோதி, விட்டுரலாம் என்றார் அப்பா. நீங்க வேணும்னா காபி குடுங்க, நான் விடறதா இல்லீங்க என்று சொல்லிப் பழத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவள் அழுதது எனக்கு நிறைவாகத்தான் இருந்தது கண்ணு, அது பாவமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாதேஸ்வர சாமி உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். பழைய டீச்சர் என்ற உரிமையில் உனக்கும் மெயில் போட்டுக் கெஞ்சுவாள். பதில் போடாதே. மனசு கேட்காமல் போட்டாலும், அந்த யோசனை யாருடையது மேடம் என்று மட்டும் கேள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ஜோதிமணி